ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்றால் நோய் திரும்பிவிட்டதா?

ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களின் வீடுகளில், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ரிப்போர்ட்டைப் படித்துவிடுகிறார்கள். போனில் வந்து விழும் அந்தத் தாளில் ‘பாசிட்டிவ்’ என்று இருந்தால் வீட்டில் அன்றிரவு யாருக்கும் தூக்கமில்லை. ‘நெகட்டிவ்’ என்றால் அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடலாம் என்று தோன்றிவிடுகிறது. இந்த இரண்டாவது நிலை, முதலாவதைவிட ஆபத்தானது.

நம்பிக்கை: கவுண்ட் நார்மல், ரத்தம் முழுக்க டோனருடையது. இனி எதற்கு போன் மேரோ டெஸ்ட்?

அக்யூட் லுகேமியா கண்டுபிடிக்கப்படும் நாளில் உடலில் சுமார் ஒரு லட்சம் கோடி புற்றுச் செல்கள் இருக்கக்கூடும். சிகிச்சைக்குப் பின் மைக்ராஸ்கோப்பில் பார்த்து ‘ரெமிஷன்’ என்று எழுதும்போதும் பல கோடிச் செல்கள் எஞ்சியிருக்கலாம். அந்த அளவுக்கு கவுண்ட் அசையாது. ரத்தத்தில் டோனர் பங்கு எவ்வளவு என்று பார்க்கும் கைமெரிசம் பரிசோதனையும், வழக்கமான முறையில், நோயாளியின் பழைய செல்கள் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை இருந்தால்தான் காட்டும். மரபணுச் செயல்பாட்டை அளக்கும் ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனையோ பத்தாயிரத்தில் ஒன்றை, சில மரபணுக்களில் லட்சத்தில் ஒன்றைக்கூடப் பிடித்துவிடும். அதனால் ‘100 சதவீதம் டோனர்’ என்ற ரிப்போர்ட்டும் ‘மார்க்கர் பாசிட்டிவ்’ என்ற ரிப்போர்ட்டும் ஒரே வாரத்தில் வரலாம். இரண்டுமே சரியாக இருக்கும்.

நம்பிக்கை: மார்க்கர் பாசிட்டிவ் என்றால் நோய் திரும்பிவிட்டது.

நம் செல்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள்தான். ஒரு கட்டடத்தின் எல்லா அறைகளிலும் விளக்கு இருந்தாலும் எந்த அறையில் எரிகிறது, எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்பதுதானே கேள்வி. மரபணுச் செயல்பாட்டு மார்க்கர் அளப்பது அந்த வெளிச்சத்தைத்தான். டபிள்யூ.டி.1 என்ற மரபணு ஆரோக்கியமான ரத்தத்தில் மங்கலாகவும், அக்யூட் மைலாய்டு லுகேமியா நோயாளிகள் பெரும்பாலோரிடம் பிரகாசமாகவும் இருக்கும். ஆரோக்கியமானவரிடமும் அது முழுக்க அணைந்திருப்பதில்லை.

2009இல் ஐரோப்பிய ஆய்வுக் குழு ஒன்று இதற்கு வரம்பு வகுத்தது: ஏ.பி.எல். என்ற ஒப்பீட்டு மரபணுவின் பத்தாயிரம் பிரதிகளுக்கு, மஜ்ஜையில் 250 வரை, ரத்தத்தில் 50 வரை இயல்பு. ஆகவே 180 என்று வந்தால், மஜ்ஜை மாதிரியில் பயப்பட ஒன்றுமில்லை. ரத்த மாதிரியில் அதே 180 கவனிக்க வேண்டிய எண். மாதிரி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் படித்துக் கலங்குவது எவ்வளவு வேதனை! இந்த மார்க்கரின் நம்பகம் குறைவு என்பதால், வேறு எதுவும் கிடைக்காதபோது மட்டும் இதைப் பயன்படுத்துங்கள் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் 2021இல் சொல்லிவிட்டது. திரிந்த என்.பி.எம்.1 மரபணு போன்ற மார்க்கர்கள் புற்றுச் செல்லிலேயே உருவானவை, அதனால் அவற்றின் சாட்சியம் வலுவானது.

எப்போது பாசிட்டிவ் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மாற்று சிகிச்சை பெற்ற 346 நாள்பட்ட மைலாய்டு லுகேமியா நோயாளிகளிடம், அந்த நோயின் மார்க்கரான பி.சி.ஆர்.-ஏ.பி.எல். (BCR-ABL) பரிசோதனையின் முடிவுகளை 1995இல் வெளியிட்டார்கள். மூன்றாம் மாதத்தில் வந்த பாசிட்டிவ், பின்னால் நடக்கப்போவதைச் சொல்லவில்லை. ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் பாசிட்டிவ் வந்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. நெகட்டிவ் வந்தவர்களில் 3 சதவீதம். வித்தியாசம் மிகப் பெரியது. ஆனாலும் பாசிட்டிவ் வந்தவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்பவில்லை என்பதையும் அந்த ஆய்விலிருந்து வாசிக்க வேண்டும். மாற்று சிகிச்சையில் நோயைத் துடைப்பது கீமோ மருந்து மட்டுமல்ல, டோனரின் எதிர்ப்புச் செல்களும்தான். அவற்றுக்கு அவகாசம் வேண்டும். மரபணுக்கள் ஒத்திருக்கும் ஒரே கரு இரட்டையரிடமிருந்து ஸ்டெம் செல் பெற்றவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியதே இதற்குப் பெரிய சான்று.

ஆகவே டாக்டர்கள் ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுப்பதில்லை. நெகட்டிவாக இருந்தது பாசிட்டிவானால், அல்லது இரு அளவீடுகளுக்கிடையே பத்து மடங்கு ஏறினால், நான்கு வாரத்துக்குள் இன்னொரு மாதிரி எடுத்து உறுதிசெய்கிறார்கள்.

நம்பிக்கை: டபிள்யூ.டி.1 கூடினால் சிறுநீரகப் புற்றுநோய், பிள்ளைகளுக்கும் வரும்.

இல்லை. குழந்தைகளின் சிறுநீரகக் கட்டியை ஆராய்ந்தபோது 1990இல் இந்த மரபணு அடையாளம் காணப்பட்டது, அவ்வளவுதான். லுகேமியா மாற்றங்கள் பெரும்பாலும் மஜ்ஜைச் செல்லில் பிற்பாடு நேர்பவை. பரம்பரையாக வரும் குடும்பங்கள் மிகச் சிலவே.

நம்பிக்கை: நெகட்டிவ் வந்துவிட்டது, இனி பயமில்லை.

நெகட்டிவ் என்பது அந்த ஊசியில் வந்த மாதிரியில், அந்த ஒரு மார்க்கர், கருவியின் எல்லைக்குக் கீழே இருந்தது என்ற செய்தி. பரிசோதனையிலிருந்து மட்டுமல்ல, டோனரின் எதிர்ப்புச் செல்களிடமிருந்தும் புற்றுச் செல் தப்புகிறது. பாதிப் பொருத்தமுள்ள உறவினரிடமிருந்து ஸ்டெம் செல் பெற்ற சிலருக்கு நோய் திரும்பியபோது, டோனரின் செல்கள் எதை வைத்து எதிரியை அடையாளம் கண்டனவோ அந்த எச்.எல்.ஏ. பகுதியையே லுகேமியா உதறிவிட்டிருந்ததை இத்தாலிய ஆய்வாளர்கள் 2009இல் கண்டார்கள். 2018இல் அமெரிக்க ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: நோய் திரும்பிய பலரிடம் எச்.எல்.ஏ. இரண்டாம் வகுப்பு மரபணுக்கள் அழியவில்லை, அவற்றின் செயல்பாடு மட்டும் தணிக்கப்பட்டிருந்தது. ஆய்வகத்தில் இன்டர்ஃபெரான் காமா கொடுத்தபோது அவை மறுபடி வெளிப்பட்டன. எனக்கு இந்த ஆய்வுத் துறையில் மிகுந்த நம்பிக்கை தருவது இதுதான். தணிந்ததை எழுப்ப முடியும்.

நம்பிக்கை: மார்க்கர் ஏறினால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

1990இல் ஜெர்மனியின் மியூனிக் குழு, மாற்று சிகிச்சைக்குப் பின் நாள்பட்ட மைலாய்டு லுகேமியா திரும்பிய மூன்று பேருக்கு, அதே டோனரின் வெள்ளை அணுக்களை மறுபடி செலுத்தி நோயை அடக்கியதை வெளியிட்டது. அக்யூட் வகைகளில் அவ்வளவு பலன் கிடைப்பதில்லை. அங்கே மார்க்கர் ஏறும்போதே தொடங்குவது உதவுகிறது: 2018இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், மார்க்கர் மட்டும் பாசிட்டிவாக இருந்த 53 பேருக்கு அசாசிடிடின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள், ஆறு மாதம் கழித்து 31 பேர் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் மாற்று சிகிச்சை பெற்றவர்களும் கீமோ மட்டும் பெற்றவர்களும் உண்டு.

எதிர்ப்புசக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளைக் குறைப்பதும் ஒரு வழி. டாக்டரைக் கேட்காமல் நீங்களே குறைத்துவிடாதீர்கள். மருந்து குறைந்தால் டோனர் செல்கள் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கக்கூடும். முடிந்தவரை ஒரே லேபில் பரிசோதனை செய்யுங்கள், பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள், மாதிரி ரத்தமா மஜ்ஜையா என்று கேட்டுக் குறித்துவையுங்கள்.