அடுக்களையில் ஒரு வேதியியல் பாடம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல்

வேதியியல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன ஆய்வுக்கூடமும், அமிலப் புட்டிகளும், புன்சன் அடுப்பும் ஆகும். ஆனால் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் காலையும் மாலையும் ஒரு வேதிவினை தவறாமல் நடைபெற்று வருகிறது. அதை நடத்துபவர் நம் அன்னையார். ஆய்வுக்கூடத்தில் நாம் புன்சன் அடுப்பைப் பற்றவைக்கும்போது அருகில் பேராசிரியர் நிற்கிறார், விளக்கம் தருகிறார். அடுக்களையில் அன்னைக்கு விளக்கம் தர யார் இருக்கிறார்கள்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் தாயார் எழுதப் படிக்க அறியாதவர். எரிவாயு அடுப்புடன் வந்த பாதுகாப்புக் குறிப்பு எங்கள் வீட்டுப் பரண்மேல் பல ஆண்டுகள் பிரிக்கப்படாமலே கிடந்தது. அண்மையில் அதை எடுத்துப் படித்தேன். 'செய்க', 'செய்யற்க' என்று விதிகள் மட்டுமே அதில் இருந்தன, காரணங்கள் இல்லை. காரணம் தெரியாத விதி நாளடைவில் மறந்துபோகும். காரணம் தெரிந்த விதியோ மனத்தில் தங்கும். அந்தக் காரணங்கள் பெரும்பாலும் நம் பாடப்புத்தகத்திலேயே உள்ளன. அவற்றை ஒன்று சேர்த்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாயுவின் இயல்புகள்

சமையல் எரிவாயு என்பது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு ஹைட்ரோகார்பன்களின் கலவை. அழுத்தத்தால் திரவமாக்கி, வீட்டு உபயோகத்திற்கு 14.2 கிலோ அளவில் உருளையில் அடைத்துத் தருகிறார்கள். இதன் மூன்று இயல்புகளைத் தெரிந்துகொண்டால் போதும். எல்லா விதிகளும் அவற்றிலிருந்தே பிறக்கின்றன.

முதலாவது, இது காற்றைவிடக் கனமானது. காற்றின் சராசரி மூலக்கூறு எடை ஏறக்குறைய 29; புரொப்பேனுக்கு 44; பியூட்டேனுக்கு 58. ஆகவே காற்றைப்போல் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கனமுடைய இவ்வாயு, கசிந்தால் மேலே செல்லாது. தண்ணீரைப்போல் தரையில் பரவித் தாழ்ந்த இடத்தில் தேங்கும்.

இரண்டாவது, இதற்கு இயற்கையில் மணம் கிடையாது. நாம் உணரும் நாற்றம் எதில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தைச் சிறிதளவு கலப்பதால் வருவது. இப்படி மணமூட்டும் வழக்கம் பரவியதற்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் உண்டு. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் ஊரில், பள்ளிக் கட்டடத்தின் அடியில் மணமற்ற இயற்கை வாயு கசிந்து தேங்கியிருந்தது. எவருக்கும் தெரியவில்லை. ஒரு மின்கருவியிலிருந்து எழுந்த பொறியில் அது வெடித்து, ஏறத்தாழ 300 மாணவர்களும் ஆசிரியர்களும் மாண்டனர். அதன் பின்னரே வாயுவுக்கு மணமூட்ட வேண்டுமென்று அம்மாநிலம் சட்டம் இயற்றியது. பிற இடங்களும் அவ்வழியைப் பின்பற்றின. நாம் முகம் சுளிக்கும் அந்த நாற்றம் உயிர்காக்கும் நாற்றம்.

மூன்றாவது, இது எரியக் காற்று மிகுதியாக வேண்டும். ஒரு பங்கு புரொப்பேன் முழுமையாக எரிய ஐந்து பங்கு ஆக்சிஜன் தேவை. காற்றில் ஐந்தில் ஒரு பங்கே ஆக்சிஜன் ஆதலால் ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும். பியூட்டேனுக்கு 31 பங்கு. காற்று குறைந்தால் கரியமில வாயுவுக்குப் பதிலாகக் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகும். அது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் சேர்ந்துகொள்வது.

ஒரு சிறு கணக்கு

காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கு இவ்வாயு கலந்தாலே அக்கலவை தீப்பற்றும். பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 1000 கன அடி. அதாவது சுமார் 28,300 லிட்டர். அதில் நூற்றுக்கு 2 என்றால் 566 லிட்டர் வாயு. எடையில் ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதல். அறை முழுவதும் பரவினால்தான் இக்கணக்கு. கனமான வாயு தரையையொட்டி ஓரடி உயரத்துக்கு மட்டும் தேங்கி நின்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 120 கிராமே போதும். உருளையில் இருப்பதோ 14.2 கிலோ! சிறு கசிவுதானே என்று ஒதுக்கிவிடலாகாது என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

அமைக்கும் முறை

உருளையை எப்போதும் சமதளத் தரையில் நிமிர்த்தியே வைக்க வேண்டும். நிமிர்ந்த உருளையில் கீழே திரவமும் மேலே வாயுவும் உள்ளன. குழாய்க்கு வாயு மட்டுமே செல்லும். சாய்த்தாலோ படுக்க வைத்தாலோ திரவமே வெளிவரும். திரவம் வாயுவாகும்போது சுமார் 250 மடங்கு விரியும் என்பதால் அது பேராபத்து. வாயு தீரும் தறுவாயில் உருளையைப் படுக்க வைத்து உருட்டுவதும், வெந்நீரில் நிறுத்துவதும் பல வீடுகளில் காணும் வழக்கங்கள். இவற்றை அறவே கைவிட வேண்டும்.

அடுப்பு, உருளையைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். உருளையைப் பள்ளத்திலோ, காற்றோட்டமில்லாத அடைத்த அலமாரியிலோ வைத்தலாகாது. நம் வீடுகளில் சாமி விளக்கு பெரும்பாலும் அடுக்களை மூலையில் தரைமட்டத்தில் எரிகிறது. கசிந்த வாயு முதலில் தேடிச் செல்லும் இடமும் அதுவே. ஆதலால் விளக்கை வேறு அறைக்கு மாற்றுவது நலம்.

புதிய உருளை வந்ததும் முத்திரை சரியாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். மூடியைக் கழற்றி, வால்வினுள் கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உருளையின் மேற்பகுதியில் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளுள் ஒன்றும் இரண்டு இலக்கங்களும் காணப்படும். அவை அடுத்த சோதனைக்குரிய காலாண்டையும் ஆண்டையும் குறிப்பன. 'பி 28' என்றால் 2028 ஏப்ரல் முதல் ஜூன் வரை என்று பொருள். அக்காலம் கடந்திருந்தால் உருளையைத் திருப்பி அனுப்ப நமக்கு உரிமை உண்டு.

ரெகுலேட்டரைப் பொருத்தியபின் வால்வு, ரெகுலேட்டர், குழாயின் இருமுனைகள் ஆகியவற்றில் சோப்புநீர் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் கசிவு உண்டு. தீக்குச்சி கிழித்துச் சோதிப்பது தற்கொலைக்குச் சமம்.

இதை நான் செய்துகாட்டியபோது என் தாயார், "நாத்தமே அடிக்கலையே கண்ணு, அப்புறம் எதுக்குச் சோப்புத் தண்ணி?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஒரே நாற்றத்தில் தொடர்ந்து இருந்தால் மூக்கு பழகிப்போய் அதை உணராமல் விட்டுவிடும். சளி பிடித்திருந்தால் சொல்லவே வேண்டாம். மூக்கு ஏமாறும், குமிழி ஏமாற்றாது.

பயன்படுத்தும் முறை

முதலில் தீக்குச்சியைக் கொளுத்தி, அதன் பின்னரே அடுப்பின் திருகைத் திறக்க வேண்டும். திருகைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினால் அதற்குள் வாயு சேர்ந்துவிடும். சமைக்கும்போது ஒரு சன்னலேனும் திறந்திருத்தல் அவசியம். குளிருக்காகவோ மழைக்காகவோ எல்லாவற்றையும் அடைத்தால் மேலே சொன்ன நச்சுவாயுவுக்கு நாமே வழி செய்தவர்களாவோம். பால் பொங்கிச் சுடர் அணைந்தாலும் வாயு நிற்பதில்லை. ஆகவே அடுப்பில் ஏற்றிவிட்டு வெளியே செல்லலாகாது. முந்தானையால் பாத்திரம் இறக்கும் பழக்கத்தை விட்டு இடுக்கியைக் கையாள வேண்டும். இரவில் அடுப்பின் திருகை மூடுவதோடு நில்லாமல் ரெகுலேட்டரையும் மூட வேண்டும். இல்லையேல் இரவு முழுவதும் ரப்பர் குழாய்க்குள் வாயு காத்திருக்கும்.

பராமரிப்பு

சுடரின் நிறமே அடுப்பின் உடல்நிலையைச் சொல்லும். நீலச்சுடர் முழுமையான எரிதலுக்கு அடையாளம். சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால் காற்று போதவில்லை என்று பொருள். நம் புன்சன் அடுப்பில் காற்றுத் துளையை மூடினால் மஞ்சள் சுடர் வருவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதுவேதான் இது. அந்தக் கரி எரியாமல் போன எரிபொருள். அதாவது நம் வீட்டுப் பணம்.

பொங்கி வழிந்த பாலும் குழம்பும் பர்னரின் துளைகளை அடைத்துக்கொள்ளும். பர்னரை ஆறவிட்டுக் கழற்றி, சோப்புநீரில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்கு உலர்த்தியபின் மாட்ட வேண்டும். உள்ளே உள்ள ஜெட்டின் நுண்துளையை ஊசியால் குத்திப் பெரிதாக்குதல் கூடாது. பெரிதானால் வாயு மிகுந்து காற்று குறைந்துவிடும். ரப்பர் குழாயை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, வெடிப்போ எலிக்கடியோ உள்ளதா என்று வளைத்துப் பார்க்க வேண்டும். பாதுகாப்புக் குழாயாயினும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கசிவு நேர்ந்தால்

நாற்றம் வந்தவுடன் பதறாமல் எரியும் அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி அனைத்தையும் அணைக்க வேண்டும். ரெகுலேட்டரை மூட வேண்டும். மின்விளக்கையும் மின்விசிறியையும் போடவும் கூடாது. எரிந்துகொண்டிருப்பதை நிறுத்தவும் கூடாது. சுவிட்சை எப்பக்கம் தட்டினாலும் உள்ளே ஒரு சிறு பொறி எழும். நியூ லண்டனில் ஒரு பள்ளியை அழித்ததும் அத்தகைய பொறிதான். சன்னலைவிடக் கதவைத் திறப்பது முக்கியம்; கீழே தேங்கிய வாயு வாசற்படி வழியாகத்தான் வெளியேறும். ரெகுலேட்டரைக் கழற்றி வால்வின்மேல் பாதுகாப்பு மூடியைப் பொருத்த வேண்டும். பின்னர் வீட்டிலுள்ளோர் அனைவரும் வெளியேறி, வெளியே நின்று 1906 என்ற அவசர எண்ணுக்குத் தொலைபேசி வழி தெரிவிக்கலாம். தீப்பற்றிவிட்டால் 101.

முடிவுரை

இவ்வளவையும் என் தாயாருக்குச் சொல்ல எனக்கு இரண்டு மாலைகள் போதுமானவையாக இருந்தன. மூலக்கூறு எடையைப் பற்றி அவரிடம் பேசவில்லை. ஆனால் அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அத்தையிடம் அவர், "கேஸு தண்ணி மாதிரி அண்ணி, கீழதான் ஓடும். விளக்கைத் தூக்கி மேல வையுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். 29, 44, 58 என்று நான் தேர்வில் எழுதும் விடையைவிட அது தெளிவாக இருந்தது.

நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். மதிப்பெண் பட்டியலை வீட்டில் படித்துப் பார்க்க ஆளில்லாமல் இருக்கலாம். நாம் கற்ற பாடத்தைக் கேட்டுக்கொள்ள ஆள் உண்டு. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு கிண்ணத்தில் சோப்புநீர் கரைத்து உங்கள் வீட்டு அடுக்களையில் சோதனை செய்து பாருங்கள். அன்னையாரையும் அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஏன் என்று அவர் கேட்பார். அதற்கு விடை சொல்லத்தான் நம்மைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.