முற்றுப்பெறாத தளமும் மெய்நிகர் யந்திரமும்

அன்புள்ள தம்பிக்கு,

விண்டோஸின் இன்சைடர் முன்னோட்டப் பதிப்பை ஏற்றியதிலிருந்து உன் விர்ச்சுவல்பாக்ஸ் படுத்துவிட்டது என்றும், நீக்கி நீக்கி நிறுவியும் குணம் காணவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். மென்பொருளின்மீது குற்றம் சுமத்துமுன், அது எதன்மேல் நிற்கிறது என்பதை நீ விசாரித்திருக்க வேண்டும்.

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை விர்ச்சுவல்பாக்ஸ் இயக்கும் அந்த மாயத்தை வேகம் குன்றாமல் நிகழ்த்துவதற்கு ஆதாரமாயிருப்பது, இன்டெல் நிறுவனம் 2005-ஆம் ஆண்டு முதல் தன் செயலிகளில் அமைத்துவரும் விடி-எக்ஸ் என்னும் வசதி. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி விழித்துக்கொண்டால், அது அந்த அதிகாரத்தைத் தன்வசமாக்கிக்கொள்ள, விண்டோஸே அதன்கீழ் ஒரு குடித்தனக்காரனாகிவிடுகிறது. அந்தக் குடித்தனக்காரனிடம் உள்வாடகைக்கு வரும் விர்ச்சுவல்பாக்ஸுக்கு என்ன சுதந்திரம் இருக்கும்? ஹைப்பர்-வியை நீயாகத் தேடிப்போய் இயக்கியிருக்க வேண்டுமென்பதில்லை; மெமரி இன்டெக்ரிட்டி என்னும் பாதுகாப்பு, விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல்-இன் இரண்டாம் பதிப்பு, விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் ஆகியவற்றுள் ஒன்று இயங்கினாலும் அது வந்து அமர்ந்துவிடும். முன்னோட்டப் பதிப்புகளோ இத்தகைய அமைப்புகளை உன்னைக் கேளாமலே மாற்றிவிடக் கூடியவை.

ஆகையால் யந்திரச் சாளரத்தின் கீழ் விளிம்பில் பச்சை ஆமை ஒன்று தெரிகிறதா என்று முதலில் பார். தெரிந்தால், 2018 டிசம்பரில் வெளியான விர்ச்சுவல்பாக்ஸ் 6.0 பதிப்பில் செய்யப்பட்ட ஏற்பாட்டின்படி, உன் யந்திரம் ஹைப்பர்-வியின் தயவில் ஊர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். (கணினித் திரையில் இத்தனை யோக்கியமான சின்னம் வேறொன்றை நான் அறியேன்.) சாளரமே திறக்கவில்லையென்றால், அந்த யந்திரத்தின் கோப்புறைக்குள் லாக் கோப்பு இருக்கும், பிழைச் செய்தியைவிட அதற்கு முந்தைய வரிகளே காரணத்தைச் சொல்லும். மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்து, பிசிடிஎடிட் கட்டளையால் ஹைப்பர்வைசரின் தொடக்கத்தை நிறுத்திக் கணினியை மீண்டும் ஏற்றினால் பெரும்பாலும் வழி பிறக்கும். ஆனால் டபிள்யூஎஸ்எல் இரண்டாம் பதிப்பு உனக்கு அத்தியாவசியமானால் யோசித்துச் செய்; அது அன்றே நின்றுபோகும். பாதுகாப்பிலும் ஓர் அரண் குறையும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. அப்படியும் பயனில்லையாயின், விர்ச்சுவல்பாக்ஸின் டிரைவருக்கும் புதிய கெர்னலுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை என்று கொண்டு, அதன் சோதனைப் பதிப்புகளைக் கவனித்துவருவதே விவேகம்.

இனி, என் உண்மையான ஆட்சேபத்துக்கு வருகிறேன். 1972-ல் ஐபிஎம் நிறுவனம் விஎம்/370 என்னும் அமைப்பை அறிவித்தபோது அதன் பிரதான உபயோகங்களுள் ஒன்று, பிறருடைய வேலைக்குப் பங்கமின்றிப் புதிய இயங்குதளத்தை மெய்நிகர் யந்திரத்துக்குள்ளேயே சோதித்துப் பார்ப்பது. நீயோ அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, முற்றுப்பெறாததை அஸ்திவாரமாகவும் முற்றுப்பெற்றதை மாடியாகவும் வைத்திருக்கிறாய். நிலையான விண்டோஸை அடியில் வைத்து, இன்சைடர் பதிப்பை விருந்தினராக உள்ளே ஏற்றுவதுதான் முறை. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லான டிபிஎம் 2.0-ஐயும் 2022-ல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 மெய்நிகராகவே தந்துவிடுகிறது. ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டால், அது எப்படி விழுந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

புதிய பதிப்பு ஏறிய 10 நாட்கள் வரை பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை விண்டோஸ் வழக்கமாகத் திறந்துவைத்திருக்கும். அப்படித் திரும்புமுன் யந்திரக் கோப்புறைகளை வெளி வட்டு ஒன்றில் பிரதியெடுத்துவிடு. ‘சேவ்டு’ நிலையில் உறங்கும் யந்திரம் ஏதேனும் இருந்து, அது இன்னும் எழக்கூடியதாயின், எழுப்பி முறைப்படி ஷட்டவுன் செய்தபிறகே பிரதியெடு.

அன்புடன்,
உன் அண்ணன்