எழுதுமுன் சொல்லிப் பார், மகள்



மருந்துக் கணக்குப் பரீட்சை நெருங்கிவிட்டது, சூத்திரமெல்லாம் பாடம், ஆனால் கேள்வியைக் கண்டதும் கை ஓடுவதில்லை என்று எழுதியிருந்தாய். கடைசியில் "எனக்குக் கணக்கு வராது" என்று ஒரு வரி. அந்த வரியை நான் ஏற்கவில்லை. உயர்தரத்தில் உயிரியல் படித்துத் தேறித்தான் மட்டக்களப்புக்குத் தாதியர் பயிற்சிக்குப் போயிருக்கிறாய். அதற்கும் முன்னால், நீ புல்மோட்டைப் பிள்ளை. படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெயில் எவ்வளவு ஓயில் விடுவது என்று கடற்கரைப் பொடியன்களுக்குத் தெரியும். 50-க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். அவர்கள் பேனையும் கொப்பியும் எடுப்பதில்லை. கூடினால் புகை கக்கும், குறைந்தால் எஞ்சின் இறுகிவிடும் என்ற அறிவு கையில் இருக்கிறது. பத்து லீற்றருக்கு இரண்டு லீற்றர் ஓயில் விடச் சொன்னால் அந்தப் பொடியன் கணக்குப் போட்டுப் பார்க்கமாட்டான், "விசரா?" என்று கேட்பான்.

அந்தக் கேள்வி உனக்கு மருந்திலும் வரவேண்டும். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது பெரும்பாலும் அதுதான். மூதூர், கிண்ணியா, குச்சவெளியிலிருந்து உன்னைப்போலப் படிக்கப் போன பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்றுதான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

சூத்திரத்தைத் தூக்கிப் போடு என்று சொல்லவில்லை. வேண்டிய அளவை இருக்கும் அளவால் பிரித்து, அது கரைந்திருக்கும் மில்லிலீற்றரால் பெருக்குவது சரியான வழிதான். ஆனால் அதைத் தொடுவதற்கு முன் விடை எந்த அளவில் வரவேண்டும் என்று வாய்விட்டுச் சொல். ஜென்டமைசின் 60 மில்லிகிராம் கொடுக்கவேண்டும், அம்பியூலில் 2 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் இருக்கிறது. 60 என்பது 80-ஐ விடக் குறைவு, பாதியை விடக் கூட. ஆகவே 1-க்கும் 2-க்கும் இடையில் வரவேண்டும். இப்போது கணக்கைப் போடு: 1.5. சூத்திரத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தால் 2.67 வந்திருக்கும். அம்பியூலில் இருப்பதே 2 மில்லிலீற்றர்தானே என்று நீயே நின்றிருப்பாய்.

சேலைன் துளிக் கணக்கும் அப்படியே. 500 மில்லிலீற்றர் 8 மணித்தியாலத்தில் போகவேண்டும், செட் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விடுவது. 8 மணித்தியாலம் 480 நிமிடம். 500-உம் 480-உம் கிட்டத்தட்ட ஒன்று, அதாவது நிமிடத்துக்கு ஒரு மில்லிலீற்றரும் கொஞ்சமும். ஒரு மில்லிலீற்றர் 20 துளி. ஆகவே 20-க்குச் சற்று மேலே. போட்டுப் பார்த்தால் 20.8, நீ எழுதப்போவது 21. தசமப் புள்ளி வழுக்கி 208 என்றோ 2 என்றோ வந்தால், முதலில் நினைத்த மதிப்பு உன்னைப் பிடித்து நிறுத்தும்.

மருந்துக் கணக்கில் பயங்கரமான பிழை அரைப் புள்ளிப் பிழை அல்ல, பத்து மடங்குப் பிழை. 2010-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் நீண்ட காலம் வேலை செய்த தாதி ஒருவர், கல்சியம் குளோரைட் 140 மில்லிகிராம் கொடுக்கவேண்டிய குழந்தைக்கு 1.4 கிராம் கொடுத்துவிட்டார். மருந்தை எடுக்கும்போது யாருடனோ பேசிக்கொண்டிருந்தேன், மனக்கணக்குத் தவறிவிட்டது என்று அவரே அறிக்கையில் எழுதினார். ஏற்கெனவே இதய நோயுடன் இருந்த அந்தக் குழந்தை சில நாட்களில் இறந்துபோனது. கணக்குத் தெரியாத புதியவர் செய்த பிழை அல்ல அது. அதனால்தான் சொல்கிறேன், சூத்திரம் மட்டும் உன்னைக் காப்பாற்றாது. "இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இவ்வளவா?" என்று கேட்கும் பழக்கம் கையில் ஊறியிருக்கவேண்டும்.

குளிசையும் அம்பியூலும் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு வளர்ந்த ஆளின் ஒரு வேளைக்கு ஏற்ற அளவைத்தான் ஒன்றில் அடைக்கிறார்கள். உன் விடை ஒரு வேளைக்கு ஆறு குளிசை, எட்டு அம்பியூல் என்று வந்தால் மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார். விதிவிலக்கு உண்டு. நம் பக்கத்து வயல்களிலிருந்து பாம்பு கடித்து விஷம் ஏறி வரும் ஆளுக்குப் பாம்பு விஷ முறிவு மருந்து தொடக்கத்திலேயே பத்துக் குப்பி. ஒவ்வொன்றையும் 10 மில்லிலீற்றரில் கரைத்து, 400 மில்லிலீற்றர் சேலைனோடு சேர்த்து, ஒரு மணித்தியாலத்தில் ஏற்றுவது இலங்கையில் வழக்கம். 500 மில்லிலீற்றர் 60 நிமிடத்தில் என்றால் 20 துளி செட்டில் நிமிடத்துக்கு 167 துளி. எண்ணவே முடியாத வேகம். இதைப் போடும்போது உனக்கு ஐயம் வந்தால் நல்லது. ஐயம் வந்து, டொக்டரின் குறிப்பையும் புத்தகத்தையும் பார்த்து, சரிதான் என்று தெளிந்து கொடுப்பதற்கும், ஐயமே வராமல் கொடுப்பதற்கும் பெரிய தூரம்.

கேள்வித்தாள் செய்பவர்கள் இதையே வைத்து ஒரு குழி வெட்டுவார்கள். 15 கிலோ பிள்ளையைப் பாம்பு கடித்தால் எத்தனை குப்பி? பிள்ளைகளுக்கு எல்லா மருந்தும் நிறையைப் பார்த்துத்தான் என்று பழகிய கை உடனே பெருக்கப் போகும். பாம்பு ஆளின் நிறையைப் பார்த்து விஷம் விடுவதில்லை. பிள்ளைக்கும் அதே பத்துத்தான். கரைக்கும் சேலைனின் அளவு மட்டும் குறையும். எந்த மருந்து எதற்காகப் போகிறது என்று தெரியாதவளுக்கு இந்தக் கணக்கு வராது. மருந்தியல் பாடத்தையும் கணக்குக் கொப்பியையும் வெவ்வேறு மேசையில் வைத்துப் படிக்காதே.

இனி டெங்கு. இதில் கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் இது நம் மாவட்டத்துக் கணக்கு. 2017-இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு கண்டது. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே கிண்ணியா அடிபட்டது, உயிர்கள் போயின, பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. நீ அப்போது சின்னப் பிள்ளை, ஆனால் வீட்டில் பேசியது காதில் விழுந்திருக்கும். டெங்குக் காய்ச்சலில் கிருமியைக் கொல்ல மருந்து இல்லை. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் அந்த 24 முதல் 48 மணித்தியாலத்தை, அளந்த நீரால் கடத்துவதுதான் சிகிச்சை. குறைந்தால் பிள்ளை அதிர்ச்சிக்குப் போகும். கூடினால், கசிவு நின்ற பிறகு வெளியே நின்ற நீர் திரும்பி வந்து நுரையீரலில் தேங்கும். ஆகவே டெங்கு வாட்டில் மருந்தே கணக்குத்தான். மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அதை எழுதுகிறவள் தாதி.

இலங்கையில் "எம் பிளஸ் ஐந்து வீதம்" என்று சொல்வார்கள், கேட்டிருப்பாய். எம் என்பது ஒரு நாளைக்கு வேண்டிய சாதாரண நீர். முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லிலீற்றர், அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. ஐந்து வீதம் என்பது கிலோவுக்கு 50 மில்லிலீற்றர். 14 கிலோ பிள்ளையை எடு. எம் 1000-உம் 200-உம், மொத்தம் 1200. ஐந்து வீதம் 700. கூட்டினால் 1900 மில்லிலீற்றர். இது ஒரு நாளைய அளவு அல்ல, அந்த ஆபத்தான காலம் முழுவதற்குமான பங்கு. வாயால் குடிக்கும் இளநீரும் ஜீவனியும் இதற்குள்தான் அடங்கும். அந்த இளநீர் எத்தனை மில்லிலீற்றர் என்று தாயிடம் கேட்டு எழுதாவிட்டால் உன் கூட்டல் எவ்வளவு சரியாக இருந்தும் பயன் இல்லை.

அதே பிள்ளைக்கு டொக்டர் கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு 3 மில்லிலீற்றர் என்று எழுதுகிறார். 42 மில்லிலீற்றர். மில்லிலீற்றருக்கு 60 துளி விடும் சின்னத் துளி செட் என்றால் நிமிடத்துக்கும் 42 துளிதான், பெருக்கவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம், ஏனென்றால் மணித்தியாலத்துக்கு 60 நிமிடம். அந்த 60-உம் இந்த 60-உம் ஒன்றையொன்று தின்றுவிடும். 20 துளி செட் என்றால் அதில் மூன்றில் ஒன்று, 14. எந்தச் செட் என்று பார்க்காமல் 42-ஐ 20 துளி செட்டில் வைத்தால் பிள்ளைக்கு மூன்று மடங்கு நீர் போகிறது. கேள்வித்தாளில் செட்டின் பெயர் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். வாட்டிலும் பையின் மேல் சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

அலகுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அதை மனனம்தான் செய்யவேண்டும். கிராமிலிருந்து மில்லிகிராமுக்கு 1000, அங்கிருந்து மைக்ரோகிராமுக்கு இன்னொரு 1000. டிகொக்சின் குளிசை 250 மைக்ரோகிராம் என்றும் இருக்கும், 0.25 மில்லிகிராம் என்றும் இருக்கும், இரண்டும் ஒன்று. 2 வீதக் கரைசல் என்றால் 100 மில்லிலீற்றரில் 2 கிராம், அதாவது மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம். ஆயிரத்துக்கு ஒன்று அட்ரினலின் மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம், பத்தாயிரத்துக்கு ஒன்று என்றால் 0.1. எண்ணில் பூச்சியம் கூடும்போது மருந்தின் செறிவு குறைகிறது என்பதில் பலர் வழுக்குகிறார்கள். ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு அலகையும் எழுது. அரையை 0.5 என்று எழுது, வெறும் புள்ளி போட்டு எழுதாதே. ஐந்தை 5 என்று எழுது, பின்னால் புள்ளியும் பூச்சியமும் வைக்காதே, அவசரத்தில் அது 50 ஆகிவிடும்.

இன்சுலினில் ஒரு தனிக் கவனம். இந்தியாவுக்கு வைத்தியத்துக்குப் போய்வருகிற நம் ஊர் ஆட்கள் அங்கே வாங்கிய குப்பியோடும் ஊசியோடும் வருவார்கள். அங்கே மில்லிலீற்றருக்கு 40 யூனிட் குப்பியும் விற்கிறது, 100 யூனிட் குப்பியும் விற்கிறது. 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது செம்மஞ்சள். 40-க்கான சிரிஞ்சால் 100 யூனிட் குப்பியிலிருந்து 20 என்ற கோடு வரை எடுத்தால் அரை மில்லிலீற்றர் வரும், அதில் 50 யூனிட் இருக்கும். கணக்கே போடாமல் நடக்கும் பிழை இது. குப்பியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றா என்று பார்.

பயிற்சி எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தாய். வாட்டுக்குப் போகும் நாட்களில் மருந்து அலுமாரியில் இருக்கும் ஒவ்வொரு லேபலையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்: பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை மில்லிலீற்றரில். அந்த எண்களிலிருந்து நீயே கேள்வி செய். வேறொருவர் செய்த நூறு கேள்வியைவிட, நீ கையில் பிடித்துப் பார்த்த அம்பியூலின் பத்துக் கேள்வி மனதில் நிற்கும். தூளாக வரும் மருந்தில் சேர்க்கும் தண்ணீரின் அளவோடு தூளும் கொஞ்சம் இடம் பிடிக்கும். முழுக் குப்பியையும் கொடுப்பதென்றால் அது பெரிதல்ல, குழந்தைக்குக் குப்பியில் ஒரு பங்கு எடுக்கும்போது அது விடையை மாற்றும். கல்குலேட்டரை விட்டுப் பழகு. அமைதியான அறையில் மட்டும் பழகாதே. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை, பிறகு நிலாவெளி, குச்சவெளி தாண்டி வீடு வரும் பஸ்ஸில் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே போட்டுப் பார். வாட்டு அதைவிடச் சத்தம்.

2009 மார்ச்சில் இந்திய மருத்துவக் குழு உன் ஊரில் கள மருத்துவமனை போட்டதும், முல்லைத்தீவுக் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் காயக்காரர்கள் வந்து இறங்கியதும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். ஆட்கள் ஒரேயடியாக வந்து நிறையும் அப்படியொரு நாளில் சேலைனை எண்ணும் மெசின் கட்டிலுக்கு ஒன்றாகக் கிடைக்காது. கைக்கடிகாரமும் கண்ணும்தான். துளியைக் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கும் பழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள்.

தோழியோடு சேர்ந்து படி, ஆனால் ஒருவர் விடையை ஒருவர் முதலில் காட்டக்கூடாது. "எனக்கு 7.5 வந்தது, சரியா?" என்று கேட்டால் அவள் கண் 7.5-ஐத்தான் தேடும். தனித்தனியே போட்டு, பிறகு ஒரே நேரத்தில் சொல்லுங்கள். வாட்டில் இன்னொரு தாதியிடம் சரிபார்க்கக் கொடுக்கும்போதும் அப்படியே. சீனியரிடம் இப்படிக் கேட்க முதலில் கூச்சமாக இருக்கும். கேள்.

படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது, வாட்டு டிக்கெட்டும் ஆங்கிலத்தில், உன் நோயாளியின் தாய் தமிழில். கணக்கை எந்த மொழியில் யோசித்தாலும் கடைசியில் அந்தத் தாய்க்கு விளங்கும் சொல்லில் சொல்லிப் பழகு. வீட்டுக் கரண்டி ஒன்றுபோல் ஒன்று இருக்காது, ஆகவே பாணி மருந்தோடு வரும் அளவுக் கரண்டியையோ மூடியையோ கையில் எடுத்து எது வரை என்று காட்டு.

பிரித்தானியாவில் தாதியர், மருத்துவிச்சியர் மன்றம் 2018-இல் வகுத்த தரங்களின்படி மருந்துக் கணக்கில் 100-க்கு 100 எடுத்தால்தான் சித்தி. கடுமைதான், ஆனால் நான் அதோடு உடன்படுகிறேன். 90 எடுத்தவளின் மிச்சப் பத்து யாருடைய பிள்ளைக்கு என்று யாரால் சொல்லமுடியும்? முதல் தடவை தவறினால் அழுதுவிட்டு, பிழைத்த கேள்வியை எடுத்து, அது அலகில் பிழைத்ததா, செட்டில் பிழைத்ததா, கூட்டலில் பிழைத்ததா என்று பார். அநேகமாக ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்பப் பிழைத்திருப்பாய்.

மூன்று கணக்கு அனுப்புகிறேன். விடையை மட்டும் எழுதாதே. முதலில் நினைத்த மதிப்பு, பிறகு விடை, அலகு, எல்லாம் வேண்டும். 12 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் பரசிட்டமோல், பாணி மருந்து 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம்: எத்தனை மில்லிலீற்றர், தாயிடம் எப்படிச் சொல்வாய்? 18 கிலோ டெங்குப் பிள்ளைக்கு எம் பிளஸ் ஐந்து வீதம் எவ்வளவு, முதல் ஆறு மணித்தியாலத்தில் 400 மில்லிலீற்றர் போயிருந்தால் மிச்சம் எவ்வளவு? பியூரசிமைட் 30 மில்லிகிராம், அம்பியூலில் 2 மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம்: எத்தனை அம்பியூல் உடைப்பாய், எவ்வளவு எடுப்பாய், மிஞ்சியதை என்ன செய்வாய்?

உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் என் சலாம். விடைகளை அடுத்த கிழமைக்குள் அனுப்பு.