பிறை தெரியும் புழுவை எடுங்கள்

மெண்டலின் 3:1 விகிதத்தைப் பள்ளியில் கட்டம் போட்டு நிரப்பக் கற்றவள்தான் நானும். அந்தக் கட்டங்களுக்குள் உயிர் இருக்கிறது என்று என்னை நம்ப வைத்தது சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற நூற்புழு. நீளம் ஒரு மில்லிமீட்டர்தான். உடல் கண்ணாடி போலத் தெளிவு. சிட்னி பிரென்னர் கேம்பிரிட்ஜில் இதைத் தேர்ந்தெடுத்து, வேதிப்பொருளால் சடுதிமாற்றங்களை உண்டாக்கி, ஏறக்குறைய 100 மரபணுக்களை 1974-ல் அடையாளம் காட்டினார்.

இந்தப் புழுவில் பெரும்பாலானவை இருபாலுயிரிகள். தன் விந்தணுவாலேயே கருவுற்று ஒரு புழு சுமார் 300 குஞ்சுகளை ஈனும். 20 டிகிரியில் முட்டையிலிருந்து முதிர்ச்சி வரை மூன்றரை நாள். திங்களன்று எழுப்பிய கேள்விக்கு அந்த வாரத்துக்குள்ளேயே அடுத்த தலைமுறை பதில் சொல்லிவிடும். வெப்பத்தில் மட்டும் கவனம் வேண்டும்: 25 டிகிரியைத் தாண்டினால் குஞ்சுகள் குறையும். நம் ஊர் வெயிலில் குளிரூட்டிய இன்குபேட்டர் இல்லாமல் தொடங்காதீர்கள்.

கலப்புக்கு முன் புழுவை எடுக்கக் கை பழக வேண்டும். பிளாட்டினம் கம்பியைத் தீயில் காட்டி, ஆறியதும் நுனியில் கொஞ்சம் எ.கோலை பாக்டீரியாவை ஒற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பிசுபிசுப்பில் புழு தானாக ஒட்டும். தட்டிலுள்ள அகாரைக் கீறத் தேவையில்லை. கீறினால் புழுக்கள் உள்ளே புகுந்துவிடும், எண்ண முடியாது.

எந்தப் புழுவை எடுப்பது என்பதில்தான் பாதி மரபியல் இருக்கிறது. நான்காம் இளம்பருவத்து இருபாலுயிரியின் உடல் நடுவே வெளிறிய பிறை ஒன்று தெரியும். அது இன்னும் யாரோடும் கலவாத புழு. முதிர்ந்ததை எடுத்தால் அதன் வயிற்றில் யாருடைய பிள்ளைகள் இருக்கின்றன என்று சொல்லவே முடியாது.

முதல் கலப்புக்கு 'டம்பி' என்ற குட்டைப் புழு நல்லது. குட்டை ஒடுங்கு பண்பு. அதோடு சாதாரண ஆண்களை விடுங்கள். ஆண்கள் இயல்பில் மிக அரிது. எக்ஸ் குரோமோசோம் பிரியத் தவறும்போது பிறப்பவை. ஆகவே அடுத்த தலைமுறையில் ஏராளமான ஆண்களைப் பார்த்தால் கலப்பு நடந்தது உறுதி. குட்டையல்லாத இருபாலுயிரி ஒன்றைப் பிறைப் பருவத்திலேயே பிரித்துத் தனித் தட்டில் வையுங்கள். அது தானே ஈனும் பிள்ளைகளில் நான்கில் ஒன்று குட்டை. தாயை நாள்தோறும் புதுத் தட்டுக்கு மாற்றுவது என் அழுத்தமான பரிந்துரை. இல்லையென்றால் பேரப்பிள்ளைகள் கலந்து கணக்கே குழம்பும். பொரித்த உடனே எண்ணவும் வேண்டாம். வளர்ந்தால்தான் குட்டை நன்றாகத் தெரியும்.

எனக்குப் பிடித்தது 'லான்-2' என்ற நீளப் புழு. எதிர்பார்ப்பை நோட்டில் எழுதிவிட்டுத்தான் தட்டைத் திறக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். நீளத் தாயும் சாதாரணத் தந்தையும் கூடினால் மகன்கள் எல்லோரும் நீளம். கலப்பில் பிறந்த இருபாலுயிரிகள் எல்லாம் இயல்பான அளவு. இந்த மரபணு இருப்பது எக்ஸில்; ஆணுக்கு ஒரே எக்ஸ், அதுவும் தாயிடமிருந்து வந்தது. பாலினத்தோடு பிணைந்த மரபை அந்த வால் விரிந்த ஆண்கள் நெளிவதில் பார்த்தவர் பிறகு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நீளமான இருபாலுயிரிகள் சில அங்கே தென்பட்டால் கலப்பு கெட்டதென்று தட்டைத் தூக்கி எறியாதீர்கள்: அவை தாய் தன் விந்தணுவால் ஈன்றவை. ஆணின் விந்தணு பெரியது, போட்டியில் பெரும்பாலும் அதுவே வெல்லும். ஆனாலும் ஆண் வந்து சேருமுன் சில முட்டைகள் கருவுற்றிருக்கும்.

இவை கைவந்த பிறகு, மரபணுவை அடக்கும் ஆர்என்ஏ குறுக்கீட்டுக்குப் போகலாம். ஃபயரும் மெல்லோவும் 1998-ல் வெளியிட்டு 2006-ல் நோபல் பெற்ற கண்டுபிடிப்பு அது. 'அன்க்-22' மரபணுவுக்கான இரட்டை இழை ஆர்என்ஏவைச் செய்யும் பாக்டீரியாவை உணவாகக் கொடுத்தால் போதும், பிள்ளைகளின் தசைகள் துடிக்கும். பக்கத்திலேயே வெற்றுப் பிளாஸ்மிட் உள்ள பாக்டீரியாத் தட்டு ஒன்றையும் வையுங்கள். எந்தத் துடிப்பு மரபணுவை அடக்கியதால் வந்தது என்று அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.