மீன்பிடி விளையாட்டும் மாக்கோழியும்

(சிராவக ஒழுக்கப் பாடம்)

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் நம்மவர் இல்லம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அங்கு நீரை வடிகட்டிப் பருகுவர். பொழுது சாயுமுன் உண்பர். விடுமுறைக்கு வந்த பெயரன் தொலைக்காட்சிப் பெட்டியுடன் விளையாட்டுக் கருவியை இணைத்து மீன் பிடிக்கிறான். "இது பாவமல்லவா?" என்கிறார் பாட்டியார். "ஒரு மீனும் சாகவில்லையே, பாட்டி!" என்கிறான் அவன். இருவர் கூற்றையும் ஆகம நெறியில் ஆராய்வோம்.

இவ்வகையில் பெயர்பெற்றது, ஜப்பானின் சேகா நிறுவனத்தார் 1997இல் விளையாட்டுக் கூடங்களுக்கும் 1999இல் ட்ரீம்காஸ்ட் என்னும் வீட்டுக் கருவிக்கும் வெளியிட்ட 'பாஸ் ஃபிஷிங்'. தூண்டிற்கோல் வடிவக் கைப்பிடியும் அதற்கு உண்டு. பொய்யிரையை எறிந்து, உயிருள்ள இரைபோல் அசைத்து, மீன் கவ்வியதும் உருளையைச் சுற்ற வேண்டும். அளவு மீறி இழுத்தால் நூல் அறுந்துவிடும். திரையில் தெரிவது வெறும் ஒளியே. அங்கே பிராணன் இல்லை.

இம்சை இருவகைப்படும். உயிருக்கு நேரும் ஊறு திரவிய இம்சை. கொல்லும் மனக்கருத்து பாவ இம்சை. முன்னது இவ்விளையாட்டில் இல்லை என்பதில் பெயரன் கூற்று மெய்யே. பின்னதையோ அவன் எண்ணிப் பார்க்கவில்லை.

யசோதர மன்னன் வரலாறு நாம் அறிந்ததே. உயிர்ப்பலிக்கு அஞ்சிய அவன், தாய் சந்திரமதியின் சொற்கிணங்கி மாவினாற் செய்த கோழியை வாளால் வெட்டினான். அதன் பயனாக இருவரும் விலங்குப் பிறவிகளில் உழன்றனர். அவனெடுத்த பிறவிகளுள் மீன் பிறவியும் ஒன்று. ஆயினும் சிறுவன் செயலை இதனோடு ஒப்பிடலாகாது. மன்னன் அம்மாக்கோழியை மெய்யான உயிருக்கு ஈடாகவே பலியிட்டான். சிறுவனுக்கு அக்கருத்து இல்லை. ஆகவே, பாட்டியார் அவனைக் கொலைஞன் எனக் கடிதல் முறையன்று.

எனினும் பெரியோர் எச்சரிக்கை உண்டு. 13ஆம் நூற்றாண்டில் சாகார தர்மாமிருதம் இயற்றிய ஆசாதரர், வேட்டையைத் துறந்தவன் துணியிலும் நாணயத்திலும் அமைந்த உயிருருவங்களைக்கூடச் சிதைத்தலாகாது என்றார். உருவத்தை வெட்டப் பழகிய கை உயிருக்கு இரங்கத் தயங்கும். பயனின்றி வினையை ஈட்டுவது அனர்த்த தண்டம். வஞ்சித்துப் பிடிப்பதிலே மகிழ்ச்சி ஊறி, நாள்தோறும் வளருமாயின், அது அவ்வழியிற் செல்வதே.

கி.பி. 959இல் யசஸ்திலகம் இயற்றிய சோமதேவ சூரி, கொல்லாதிருந்தும் பாவியாவான் ஒருவன், கொன்றும் பாவியாகான் மற்றொருவன் எனக் கூறி, வலைஞனையும் உழவனையும் உவமை காட்டினார். அந்நூலிலேயே மிருகசேனன் என்னும் வலைஞன் கதையும் உண்டு. வலையில் முதலில் அகப்படும் மீனைக் கொல்லேன் என ஒரு முனிவரிடம் விரதம் ஏற்றான். அன்று ஒரே மீன் ஐந்து முறை அகப்பட்டது. ஐந்து முறையும் விடுவித்தான். மறுபிறவியில் ஐந்து ஆபத்துகளினின்று தப்பினான். அவன் தொழில் மீன்பிடித்தலே. அவனைக் காத்ததோ, விடுவித்த கருணை.

ஆதலின், பெற்றோர்களே, கருவியைப் பிடுங்குமுன் குழந்தையின் அருகே அமருங்கள். "மீன் துள்ளும்போது உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேளுங்கள். பின் மிருகசேனன் கதையைச் சொல்லுங்கள். தானே கருவியை அணைக்கும் பிள்ளைக்கு அதுவே முதல் விரதமாகும்.

சிந்திக்க:
1. திரவிய இம்சை, பாவ இம்சை வேறுபாடு யாது?
2. மாக்கோழியும் திரைமீனும் எவ்வகையில் வேறுபடுகின்றன?
3. நம் இல்லத்து விளையாட்டுகளுள் அனர்த்த தண்டமாவன எவை?