உப்பளப் பெண்களும் உண்மையான மீட்சியும்

முத்துக்கும் துறைமுகத்துக்கும் பெயர் பெற்ற தூத்துக்குடியின் மற்றொரு பெருமை உப்பு. இந்திய உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து நிற்பது தமிழகம். அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தினுடையது. வேப்பலோடை, முள்ளக்காடு, ஆறுமுகநேரி உப்பளங்களில் உழைப்போரில் பெண்கள் ஏராளம். என் தாயாரும் அவர்களில் ஒருவர். அந்தக் கூலியில்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக நான் கல்லூரிக்கு வந்தேன்.

உவர்நீரைப் பாத்தியில் தேக்கினால் வெயிலும் காற்றும் நீரை ஆவியாக்குகின்றன. அடர்த்தி ஏறத்தாழ 25 போமே பாகையை எட்டும்போது உப்பு படிகமாகிறது. ஆகவே, கடும் வெயில் காலமே உப்பின் காலம். அக்டோபர் முதல் மழை வந்தால் வேலை இல்லை. 2020 மார்ச் 25-இல் கொரோனா ஊரடங்கு வந்தது உப்பு விளையும் பருவத்தில். கோடையில் இழந்த கூலியை மழைக்காலத்தில் ஈட்ட முடியுமா? 2022-இல் தமிழக அரசு மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வழங்க முன்வந்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் வயிற்றுப்பாட்டோடு நலம் முடிந்துவிடுவதில்லை.

கைகளை அடிக்கடி கழுவுமாறு அன்று உலகமே அறிவுறுத்தியது. குடிநீரும் கழிப்பறையும் இல்லாத உப்பளத்தில் அது எப்படி இயலும்? ஆண்கள் ஒதுங்க இடம் உண்டு. வெட்டவெளியில் பெண்களுக்கு இல்லை. அதனால் அவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வியர்வையோ நிற்பதில்லை. விளைவு என்ன? பாத்தியில் நடப்பதே சிறுநீரகத்திலும் நடக்கக்கூடும். நீர் குறையக் குறைய, கரைந்துள்ள பொருள்கள் படிகமாகிக் கல்லாகின்றன. அது சமையல் உப்பு அன்று. பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட்டு. சிறுநீர்த் தொற்றும் எளிதில் பற்றுகிறது.

சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-இலேயே சட்டம் வந்தது. ஆயினும் சமத்துவம் கூலியோடு நிற்பதன்று. ஒரு கழிப்பறை இல்லாமையின் சுமை முழுவதும் பெண்ணின் மீதே விழுகிறது என்றால், அதுவும் சமத்துவக் குறைவே. உற்பத்தி பழைய நிலைக்குத் திரும்புவதை மீட்சி என்கிறோம். பெண்களுக்கு அந்தப் பழைய நிலையே நோய் தருவதாக இருந்ததே!

மாணவ நண்பர்களே! நமது நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஒன்றை உப்பளக் கிராமத்தில் நடத்துவோம். எந்தெந்த அளங்களில் குடிநீர், நிழற்கூரை, கழிப்பறை இல்லை என்று கணக்கெடுத்து மாவட்ட ஆட்சியரிடம் அளிப்போம். நாம் கற்ற வேதியியல் அவர்களுக்குப் பயன்பட அதுவே முதற்படி.