கல்வெட்டுக் கழகங்களும் ஊராரும்

கல்வெட்டென்பது ஊரார் காணுமாறு பொதுச்சுவரிற் பொறித்த எழுத்தாம். கொடை இன்னது, நிலத்தின் எல்லை இன்னது, அறத்தை அழிப்பார் எய்தும் பாவம் இன்னது என யாவர்க்கும் அறிவித்தலே அதன் பயன். முதற் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் இடம்பெற்றதும் இக்கருத்துப் பற்றியே எனலாம். அங்ஙனம் எல்லார்க்கும் உரியதாயிருந்த எழுத்து, இன்று சிலரே படிக்கவல்லதாயிற்று. எழுத்தின் வடிவம் மாறியமை ஒரு காரணம். ஆராய்ச்சியாளர் எழுதிய மொழி மற்றொரு காரணம். 1890இல் ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் முதற்றொகுதி பெருந்தொண்டே. ஆயினும், அதன் மொழிபெயர்ப்பும் முன்னுரையும் ஆங்கிலத்தில் இருந்தமையால், கல்லின் அயலில் வாழ்ந்த உழவர்க்கு அது எட்டவில்லை.

தமிழகத் தொல்லியல் கழகம் இக்குறையைப் பெரிதும் நீக்கியது. 1991இல் அது தொடங்கிய ‘ஆவணம்’ என்னும் இதழ், புதிதாய்க் கண்ட கல்வெட்டுக்களின் வாசகங்களைத் தமிழ் விளக்கத்தோடு வெளியிட்டது. தொல்லியலைத் தொழிலாகக் கொள்ளாத ஆர்வலரும் தாம் கண்டவற்றை அதில் எழுத இடம் பெற்றனர். இத்தகைய கழகங்கள் இன்னும் ஓரடி முன்வரல் வேண்டுமென்பது எம் கருத்து. கண்டதைக் கூறுதலோடு அமையாது, காணும் முறையையும் ஊரார்க்குக் கற்பித்தல் வேண்டும்.

அஃது அரிதன்று. சோழர் கல்வெட்டுக்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் இயல்வன. முதலில் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்னும் மங்கலச்சொல். பின்னர்ச் சிலவற்றில் மெய்க்கீர்த்தி. அதன்பின் கோப்பரகேசரி அல்லது கோவிராசகேசரி என்னும் பட்டம், ஆட்சியாண்டு, நாடு, ஊர், கொடையாளி, கொடை. ஈற்றில் ‘இது பன்மாகேசுவரர் இரட்சை’ எனக் காவல் வேண்டுதல். இவ்வரிசையை அறிந்தவர் தெளிவற்ற எழுத்தையும் இடம் நோக்கி உய்த்துணர்வர். இடர்ப்பாடுகளும் சிலவே. புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடா. துணைக்காலும் ரகரமும் ஒன்றாகவே தோன்றும். ‘கொல’ எனக் கல்லிற் கண்டால், அது கொல்லோ கோலோ என ஐயுறுவோம். முன்னே ‘பதினாறு சாண்’ என்றிருப்பின் நிலமளந்த கோலே என்பது தெளிவு. இவ்வாறு ஓர் ஐயம் தம் கண்ணெதிரே நீங்கக் கண்ட மாணவன் அச்சுவரை எளிதில் மறவான்.

ஆதலின் இப்பாடம் மண்டபத்தில் அன்றி, சுவரின் அடியிலேயே நிகழ்தல் நன்று. மலைக்குகை ஏறவியலாத முதியோர்க்கும் கால் வலியற்றோர்க்கும் மைப்படியைக் கீழே விரித்துக் காட்டலாம். நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டிக் குழிகளிற் பதியச்செய்து, மை ஒற்றினால், கரிய தாளில் எழுத்து வெண்மையாய் நிற்கும். கல்லிற் புலப்படாதது தாளிற் புலப்படுதலும் உண்டு.

பழகாதவர் தவறாகப் படித்து நாளிதழ்க்குச் செய்தி அனுப்புவரென அறிஞர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் பொய்யன்று, யாமும் அத்தகைய செய்திகளைப் படித்துள்ளோம். எனினும் அறியாமையால் வரும் கேடு அதனினும் பெரிது. திருப்பணியின்போது மணலை விசையோடு பீய்ச்சிக் கல்லைத் தூய்மை செய்தால் எழுத்தின் விளிம்பு தேய்ந்தொழியும். சுண்ணாம்பு பலமுறை பூசினும் எழுத்து மறையும். தவறான வாசகத்தைப் பின்வருவோர் திருத்தலாம். தேய்ந்த கல்லைத் திருத்துவார் இலர். வேலை தொடங்கும் காலையில் அங்கே நிற்பவர் கழகத்தின் செயலாளர் அல்லர். ஊர்ப் பள்ளி ஆசிரியரும் கோயிற் பணியாளருமே. தம் ஊர்ப்பெயர் எந்த வரியிலுள்ளதென அவர்கள் விரல்வைத்துக் காட்டவல்லராயின், வேலையாளைச் சற்றே நிறுத்தி வைப்பர். அதற்குள் மைப்படி எடுப்பார்க்குச் சொல்லியனுப்பலாம்.